செவ்வாய்க்கிழமை இறால்

எங்கள் வீட்டில் இறால் சமைப்பது எப்போதாவதுதான். திருத்தணியில் கிடைப்பது ஏரி மீன். கெளுத்தி, விரால், ஜிலேபி. கடல் பண்டம் வேண்டுமென்றால் யாராவது காலையில் எழுந்து அரக்கோணம் சந்தைக்கு ரயிலேற வேண்டும். அதிலும் கிருத்திகை, செவ்வாய், வெள்ளி என்று கழித்துவிட்டால் மிச்சக் கிழமைகள்தான் மீன் சட்டிக்கு. மலையின் அடிவாரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மீன் சட்டி தனி, அதைக் கவிழ்த்து வைக்கிற இடமும் தனி.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இறால், நண்டு, வஞ்சிரம் மூன்றும் வந்தன. வரவழைத்தவள் என் மகள். வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர்.

மகள் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதலில் அவளை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்தோம். அது நிலைக்கவில்லை. கோர்ட்டில் தீர்ந்த பிறகு அவள் வேலைக்கென்று பாண்டிச்சேரி போனாள். ஊருக்கு வரும்போதெல்லாம் தலைவலி என்று படுத்துக்கொள்வாள், இல்லாவிட்டால் துணி மடிப்பாள். போன வருஷத்திலிருந்து வேறு மாதிரி இருந்தாள். போனைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. பிறகு அவளே, ஒருவரைக் கட்டிக்கொள்ள நினைக்கிறேன் என்று சொன்னாள்.

அவர் பாண்டிச்சேரியில் ரொட்டி சுடுகிற கடையில் வேலை பார்க்கிறவர். பிறந்தது ரீயூனியன் என்கிற தீவில். அவருடைய பாட்டன் பூட்டன் காலத்தில் நம் பக்கத்திலிருந்து கப்பலேறி, அங்கே கரும்பு வெட்டப் போனவர்களாம். எந்த ஊரிலிருந்து என்று அவர்களுக்கே தெரியாது. எங்களுக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் கொஞ்சம் கரும்பு நிலம் உண்டு. வெட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் ஒவ்வொரு தடவையும் திண்டாட்டம். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், "அத்தினி தூரம் போய்க் கரும்பு வெட்னாங்களா? இங்கயே இருந்திருந்தா நம்ம கழனிக்காவது ஆளு கெடச்சிருக்கும்" என்றார். அவர் பேச்சு அப்படித்தான். மறுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை.

சரி என்று சொல்ல வேண்டியது அந்த ரொட்டிக் கடைக்காரருடைய அம்மா. மகளுக்கு முன்னே ஒரு கல்யாணம் நடந்தது அந்த அம்மாவுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அவங்கம்மா வேணாம்னா அவரு மீற மாட்டாருமா" என்றாள் மகள். "நானும் மீறச் சொல்ல மாட்டேன். ஒரு தபா பட்டது போதும்."

அந்த அம்மாவுக்கு நம் மலைக்குக் காவடி எடுப்பதாக ஒரு வேண்டுதல். அதற்காகத் தீவிலிருந்து வந்தார்கள். திங்கட்கிழமை கிருத்திகை. அதற்கு முதல் நாள், ஞாயிறு மதியம், எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை சென்னைக்குப் போய் அங்கிருந்து விமானம்.

மகள் சனிக்கிழமை வந்து பையைக் கீழே வைத்ததுமே சொன்னாள்.

"அவங்க ஊரு கொழம்பு வெச்சிப் போடப் போறேன். கிரியோல்."

"கிரிவலம் கேள்விப்பட்டுகீறேன். கிரியோலு இன்னாது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நைனா, அங்க எல்லா ஜனமும் கலந்துகினு பேசற பாஷை அது. அவங்க சமையலுக்கும் அதே பேருதான். எறா, நண்டு, மீனு மூணும் ஒரே சட்டியில."

"அப்ப சட்டிக்குள்ள அதுங்க மூணும் இன்னா பாஷையில பேசிக்கும்?"

மகள் சிரித்தாள். அன்றைக்கு அவள் எதற்கும் சிரிக்கிற மாதிரி இருந்தாள்.

செய்முறையை அந்தத் தீவுக்காரர் போனில் பேசி அனுப்பியிருந்தார். அவள் அதை என்னிடம் போட்டுக் காட்டினாள். அவருடைய தமிழ் கோயில் வகுப்பில் படித்த தமிழ். 'வெங்காயம் பொன்னிறமாக வதங்கியதும்' என்று வானொலியில் சொல்வது போலச் சொன்னார். நடுவில் ஒரு வார்த்தை வந்தது. ருகாய். இது இறால் ருகாய், நண்டும் சேர்க்கலாம், மீனும் சேர்க்கலாம் என்றார்.

"ஊறுகாயா?" என்று கேட்டேன்.

"ருகாய்மா. கொழம்போட பேரு."

"அவரு வரப்போ இதச் செய்யப்போறேன்னு அவராண்ட சொன்னியா?"

"சொல்லல. சும்மா கத்துக்கணும்னு கேட்டேன். வந்து பாக்கட்டும்."

திங்கள் கிருத்திகை, செவ்வாயும் ஆகாது. ஞாயிறு ஒன்றுதான் இருந்தது. அதனால் நாங்கள் யாரும் வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை என் வீட்டுக்காரர் அரக்கோணம் போய் வந்தார். இறால் நல்ல இறால், ஓடு கண்ணாடி மாதிரி இருந்தது. நண்டு பையைப் பிறாண்டிக்கொண்டே வந்ததாம். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நான் பின்பக்கம் உட்கார்ந்து இறாலின் முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை உருவினேன். நண்டை உடைத்து, கால்களை ஒரு தட்டு தட்டி வைத்தேன். எல்லாவற்றையும் உப்பும் மஞ்சளும் போட்டு அலசினேன். அலசுகிற மஞ்சள் சமையலில் சேராது.

மகள் உரலில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கல்லுப்பு, மிளகு எல்லாம் சேர்த்து இடித்தாள். மிக்ஸி கூடாதாம். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம். நம் குழம்புக்கு வதக்குவதைவிடக் கூடுதலாக, சிவக்கிற வரைக்கும். அதில் இடித்ததைப் போட்டுப் பச்சை வாசனை போனதும் தக்காளி. தண்ணீர் ஊற்றக் கூடாது, தக்காளியே கரைந்து குழம்பாக வேண்டும். தேங்காய் இல்லை. மிளகாய்த்தூள் இல்லை. புளியும் இல்லை. மீன் சட்டிக்குப் புளி இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊறவைத்து ஓரமாக வைத்தேன். மகள் பார்த்தாள்.

"அம்மா."

"சும்மாதான் வெச்சிகீறேன்."

"ஊத்திடாத."

அடுத்து தைம் என்கிற ஒரு தழை வேண்டும் என்றாள். அது இல்லாவிட்டால் கிரியோலே இல்லையாம்.

"டைமா? ஒம்பதரை" என்றார் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்.

போனில் படம் காட்டினாள். சின்னச் சின்ன இலை. நம் பக்கத்தில் அப்படி எதையும் நான் பார்த்ததில்லை. வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஓமம் மாதிரி என்று அவர் ஒரு தடவை சொன்னதாகச் சொன்னாள். நான் தண்ணீர்த் தொட்டி பக்கம் போய் ஓமவல்லி இலை நாலைந்து பறித்து வந்தேன். சளிக்குக் கஷாயம் போடுகிற இலை. அவள் மோந்து பார்த்தாள். யோசித்தாள். பிய்த்துப் போட்டாள்.

கடைசியில் பையிலிருந்து பட்டுத் துணியில் சுற்றிய ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். கல்யாணத்துக்கு மோதிரம் வைக்கிற டப்பா மாதிரி இருந்தது. உள்ளே குங்குமப்பூ.

"இன்னாத்துக்கு இது? பிள்ளத்தாச்சிக்குத்தான குடுப்பாங்க?"

"அவரு சொன்னதுல சஃப்ரான்னு இருக்குதுமா. சஃப்ரான்னா குங்குமப்பூ. கை நெறையப் போடணுமாம்."

"மஞ்சத்தூளு?"

"மஞ்சளே சொல்லல."

கை நிறைய அந்த டப்பாவில் ஏது? இருந்ததில் பாதியை வெந்நீரில் ஊறவைத்து ஊற்றினாள். குழம்பு சிவக்கவும் இல்லை, மஞ்சளாகவும் இல்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆள் மாதிரி வெளுத்து நின்றது. முதலில் நண்டு போட்டு மூடினோம். பிறகு மீன், கடைசியில் இறால். மூடியைத் திறந்தபோது வந்த வாசனையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இறால் வாசனை, கஷாய வாசனை, அதற்கு மேலே பாயச வாசனை.

"எப்படிமா கீது?"

"நல்லா கீது" என்றேன். அவள் பாண்டிச்சேரியிலிருந்து வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. வேறு என்ன சொல்ல முடியும்?

மதியம் கார் வந்தது. மகள் புதுப் புடவையில் சமையலறை வாசலில் நின்றாள். நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். அவர் முதலில் இறங்கினார். உயரமானவர். பிறகு அவருடைய அம்மாவைக் கை பிடித்து இறக்கினார்.

நான் வெள்ளைக்காரச் சாயலாக ஒரு முகத்தை நினைத்து வைத்திருந்தேன். வந்தவர்கள் என் ஓரகத்தியின் சாயலில் இருந்தார்கள். அதே நிறம், அதே அகலமான நெற்றி. மஞ்சள் புடவை, பழக்கமில்லாத கட்டு, முந்தானையை ஊக்கு போட்டுத் தோளோடு சேர்த்திருந்தது. கேட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தவர்கள் நின்றுவிட்டார்கள். மூக்கு விரிந்தது. பிறகு மகன் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ கேட்டார்கள். நான் சொம்பை நீட்டினேன். வாங்கிக்கொள்ளக் கையைத் தூக்கியவர்கள் பாதியில் இறக்கிக்கொண்டார்கள். அப்போதுதான் அந்த மணிக்கட்டைப் பார்த்தேன். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டியிருந்தது.

காப்பு.

காப்புக் கட்டியவர்களுக்கு மீன் வாசனை அடிக்கிற வீட்டில் தண்ணீர்கூட ஆகாது. நான் சொம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று தெரியாது.

அவர் எங்கள் முன்னால் கை கூப்பினார். "மன்னிக்க வேண்டும். அம்மா விரதத்தில் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் காவடிக்குப் பத்து நாட்கள் முன்பே காப்புக் கட்டிவிடுவோம். உள்ளே மீன் சமைத்திருக்கிறதா?"

"நாங்க கிருத்திக அன்னிக்கி மட்டுந்தான்னு..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்து நிறுத்தினார். அவர் பேச்சு பாதியில் நின்று நான் பார்த்தது குறைவு.

"மலைக்கு வருகிறோம் என்று சொன்னேன் அல்லவா? விரதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன்."

நாங்கள் அவர்களை வெளிநாட்டுக்காரர்கள், எந்த நாளும் மீன் தின்பார்கள் என்று நினைத்தோம். அவர்கள் எங்களை முருகன் ஊர்க்காரர்கள், மீனே தொட மாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த அம்மா கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுப் பக்கவாட்டில் முருங்கை மரம் நிற்கிறது. அதன் நிழல் ஒரு நிழலே இல்லை. அங்கே போய் நின்றுகொண்டார்கள். என் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோய்ப் போட்டார். அதை அவர்களே தம் பாட்டில் தண்ணீரால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

நான் உள்ளே போனேன். மகள் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்திருந்தாள். புதுப் புடவையில் தக்காளி பட்டிருந்தது.

"முடிஞ்சிச்சி" என்றாள்.

அவள் அழவில்லை. கோர்ட்டிலிருந்து வந்த அன்றைக்கும் அழவில்லை. அன்றும் இதே மாதிரி, இதே இடத்தில், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்து தலைக்கு ஊத்திகினு வா" என்றேன்.

"எதுக்கு?"

நான் முதலில் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். ஈரத் தலையோடு பரணைத் துழாவினேன். பொங்கலுக்குப் பானை வாங்கும்போது எப்போதும் ஒன்று கூடுதலாக வாங்குவேன். பால் பொங்குகிற நேரத்தில் விரிசல் விட்டால் என்ன செய்வது என்ற பயம். இந்தத் தடவை விரிசல் விடவில்லை. அந்தப் பானை அடுப்பைப் பார்க்காமல் அப்படியே இருந்தது. சுவர் பூசியபோது மிஞ்சிய செங்கல் கேட்டோரம் கிடந்தது. மூன்றை எடுத்து அந்த அம்மாவின் முன்னால் வைத்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், செங்கலைப் பார்த்தார்கள். எழுந்து வந்து ஒரு செங்கலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். காற்று வருகிற பக்கம் வாய் இருக்கிற மாதிரி. அதுதான் சரி.

எதிர்வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து கேட்டாள். அவள் வீட்டுக்காரர் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர். அந்த வீட்டில் மீன் என்ற பேச்சே கிடையாது.

"யக்கா, இன்னாக்கா இது, இப்பவே பொங்கலா?"

நான் அவளிடம் இதுவரை ஒரு கை உப்புகூடக் கேட்டதில்லை. கிட்டே போய், "கொஞ்சம் சோறு இருக்குமா?" என்றேன். காரணத்தைக் கேட்டுக்கொண்டாள். "ஐய, இதுக்கா இந்த முழி முழிக்கிற" என்று சொல்லிவிட்டு ஒரு பாத்திரம் நிறையச் சோறும், வாழை இலையும், அவள் வீட்டு வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டும் எடுத்து வந்து கொடுத்தாள். எண்ணெயும் கொடுத்தாள். கேட்டுக்கு வெளியே நின்று வேடிக்கையும் பார்த்தாள்.

மகள் குளித்துவிட்டு வந்தாள். அந்த டப்பாவும் கையில் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து தென்னை மட்டையை ஒடித்து அடுப்பில் வைத்தாள். வெங்காயம் சிவந்தது. பூண்டை எடுத்ததும் அந்த அம்மா விரலை ஆட்டினார்கள். பூண்டு வேண்டாம். இஞ்சி சரி. தக்காளி கரைந்துகொண்டிருக்கும்போது உள்ளே என்ன போடுவது என்று நான் சுற்றிப் பார்த்தேன். அவர்கள் தலைக்கு மேலே பார்த்துவிட்டு, கை நீட்டி ஒரு கொத்தை வளைத்தார்கள்.

"மூருங்" என்றார்கள்.

"முருங்க" என்றேன்.

"மூருங்."

"ஆங், முருங்கதான்."

அதுதான் நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு. அவர்கள் கொத்து கொத்தாக ஒடித்து மடியில் போட்டுக்கொண்டு உருவ ஆரம்பித்தார்கள். காம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் இலை மட்டும் கையில் வருகிற மாதிரி. நானும் உருவினேன். அவர்கள் என்னைவிட வேகம்.

மகள் டப்பாவைத் திறந்து மிச்சக் குங்குமப்பூவைப் போடப் போனாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். டப்பாவை வாங்கி மோந்தார்கள். மகனைப் பார்த்து ஏதோ கேட்டார்கள். அவர் மகளைக் கேட்டார்.

"இது எதற்கு?"

"நீங்கதான சஃப்ரான்னு சொன்னீங்க? கை நெறைய."

அவர் டப்பாவை எட்டிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார்கள். உட்கார்ந்த நாற்காலி ஆடுகிற மாதிரிச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மணிக்கட்டை மகளின் முகத்துக்கு நேரே நீட்டி, காப்பிலிருந்த மஞ்சள் துண்டைத் தொட்டுக் காட்டினார்கள்.

"சஃப்ரான்."

"அட, மஞ்சளு!" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்கள் ஊரில் மஞ்சளைத்தான் அப்படிச் சொல்வோம்" என்றார் அவர்.

"இவ உள்ள எறாலுக்குப் பாதி டப்பா குங்குமப்பூவ ஊத்திகீறா மாப்ள. அந்த எறாலுக்கு வளைகாப்பே பண்ணலாம்."

மகள் முகத்தைப் புறங்கையால் மூடிக்கொண்டாள். மூடிய கைக்குள் அவளும் சிரித்தாள். நான் கவனித்தது வேறு ஒன்று. என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார். சொன்னது அவருக்கே தெரியவில்லை.

எதிர்வீட்டுக்காரி மஞ்சள்தூள் கொண்டுவந்தாள். கை நிறையப் போட்டோம். கீரை ஒரு கொதியில் அடங்கியது. இறக்கி இலை போட்டேன். நம் வழக்கப்படி எதிர்வீட்டு எலுமிச்சை ஊறுகாய் ஒரு துண்டை இலை ஓரத்தில் வைத்தேன். அவர்கள் அது என்ன என்பது போலப் பார்த்தார்கள்.

"ஊறுகா" என்றார் என் வீட்டுக்காரர் சத்தமாக. சத்தமாகச் சொன்னால் புரியும் என்று அவருக்கு எண்ணம்.

"ருகாய்?" அந்த அம்மா பானையைக் காட்டினார்கள்.

"அது இல்லீங்க. இது. ஊறுகா."

"ருகாய்" என்று மறுபடியும் பானையையே காட்டினார்கள், இவர் ஏதோ தப்பாகச் சொல்கிறார் என்பது போல.

"சரி வுடுங்க. கப்பல்ல ஏத்தும்போது ஊறுகாயா இருந்திருக்கும். எறங்கும்போது கொழம்பாயிடுச்சி."

அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. அவர் அதை மகனிடம் சொல்லி அம்மாவுக்குச் சொல்லச் சொன்னார். அவர்கள் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, வெயில் தாழக் காரில் ஏறிப் போனார்கள். வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார் கிளம்பும்போது மகள் அவரைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அவருக்கும் தெரியவில்லை.

உள்ளே இருந்த குழம்பை நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டோம். மகள் தொடவில்லை. மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தாள். கொட்டிவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை நானும் மகளும் அவர்களோடு மலையேறினோம். நல்ல கூட்டம். அந்த அம்மா தோளில் காவடியோடு நிதானமாக ஏறினார்கள். முட்டி வலி இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. மகள் ஒரு படி கீழேயே ஏறி வந்தாள், சாய்ந்தால் பிடிக்கிற மாதிரி. தொடவில்லை. ஒரு இடத்தில் அவர்கள் நின்று மூச்சு வாங்கினார்கள். மகள் இடுப்பில் கை வைத்துத் தாங்கினாள். அவர்கள் தள்ளவில்லை. மேலே சாமி பார்த்தபின் மகன் காப்பை அவிழ்த்தார். அந்த மஞ்சள் துண்டை அவர்கள் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அன்றும் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் வீடு மெழுகிக்கொண்டிருந்தேன். மகள் பாண்டிச்சேரிக்குப் போகத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டருகில் கார் நின்றது.

இந்தத் தடவை அந்த அம்மா நேரே வாசற்படி ஏறி உள்ளே வந்தார்கள். கூடத்தைப் பார்த்தார்கள். சாமி படங்களைக் கும்பிட்டார்கள். சமையலறைக்குள் போய், மூடியிருந்த பாத்திரங்களைப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்கள்.

அவர் தயங்கினார். "விமானத்துக்கு நேரம் இருக்கிறது. அம்மா அந்த இறாலைக் கேட்கிறார்கள்."

நான் நாள்காட்டியைப் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை. என் வீட்டுக்காரரும் அதைத்தான் பார்த்தார்.

"செவ்வாக்கெழமைங்க" என்றார். "எங்க வீட்ல இன்னிக்கி கவுச்சி அடுப்புல ஏறாது."

"எங்களுக்குக் காப்பு அவிழ்த்தால் விரதம் முடிந்தது. உங்களுக்கு இன்றா?"

"வாரா வாரம்."

அவர் அதை அம்மாவிடம் சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பு வருகிறதை அடக்குகிற முகம். நான் ஃப்ரீசரிலிருந்து டப்பாவை எடுத்து மகள் கையில் கொடுத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். மூன்று செங்கலும் முருங்கை மரத்தடியில் அப்படியே இருந்தன. மீன் சட்டியையும் கொண்டுபோனேன். அந்த அம்மா தானே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"யக்கா, உள்ள இருக்குற அடுப்பு இன்னாத்துக்கு? அழகுக்கா?"

பிறகு வாசனை அவளை எட்டியது. "ஐயையோ, செவ்வாக்கெழமையிலயா!" ஜன்னல் சாத்திக்கொண்டது.

ஒரு தட்டில் சோறும் குழம்பும் வைத்து மகள் நீட்டினாள். அந்த அம்மா முதலில் ஓமவல்லி இலை ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார்கள். தலையை ஆட்டினார்கள். அது சரி. ஒரு இறாலில் ஒட்டியிருந்த சிவப்பு இழையை நகத்தால் எடுத்துத் தட்டோரம் வைத்தார்கள். இறாலை மென்றார்கள். நிறைய நேரம் மென்றார்கள். நண்டை உறிஞ்சினார்கள். பிறகு நீளமாக ஏதோ சொன்னார்கள். அவர் குனிந்து அடுப்பிலிருந்த மட்டையை உள்ளே தள்ளினார்.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் மகள்.

"நன்றாக இல்லை என்கிறார்கள்."

என் வீட்டுக்காரர் தட்டை எட்டிப் பார்த்தார்.

"இறால் ரப்பராகிவிட்டதாம். மீன் கரைந்துவிட்டதாம். வாசனை கல்யாண வீட்டுப் பாயசம் போல் இருக்கிறதாம்."

அதை நானே சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா மகனின் கையைத் தட்டி, இன்னும் இருக்கிறது, சொல் என்பது போல மோவாயை ஆட்டினார்கள்.

"அங்கே வந்ததும் முதல் வேலையாக இதை இவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறார்கள்."

"எங்க வந்ததும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்கள் வீட்டுக்கு."

"அதான், எப்பன்னு கேக்கறேன்."

அவர் அம்மாவிடம் கேட்டார். அவர்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த மஞ்சள் துண்டை எடுத்து, மகளின் உள்ளங்கையில் வைத்து மூடினார்கள். "சஃப்ரான்" என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, நம் ஊர் வார்த்தை வரவேண்டுமென்று முயன்று, "மன்சல்" என்றார்கள்.

"மஞ்சள்" என்றேன்.

மிச்சச் சோற்றையும் அவர்கள் விடவில்லை. நன்றாக இல்லை என்று சொன்ன குழம்பை வழித்துச் சாப்பிட்டார்கள். மகள் தட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். கார் கிளம்புகிற நேரம் ஆகிவிட்டது, வா என்று கூப்பிடப் போனேன். கழுவ வேண்டியது ஒரே ஒரு தட்டுதான். தண்ணீர் ஓடுகிற சத்தம் நிற்கவில்லை. நான் கூப்பிடாமல் திரும்பிவந்தேன்.